சத்தியத்துக்கு நாற்பத்தெட்டு நாள்

அக்கா,

போன வாரம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு காலண்டர் ஆர்டர் வந்தது. வடக்கே எங்கோ இருக்கும் ஒரு யோகா நிலையத்துக்கு. மாதத்துக்கு ஒரு ஒழுக்கம் என்று யமம் ஐந்தும் நியமம் ஐந்துமாகப் பத்துத் தாளுக்கு வாசகம் அனுப்பியிருந்தார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் ஆயிற்றே என்று போன் போட்டுக் கேட்டால், மிச்ச இரண்டுக்கும் ஆரோக்கியம், செல்வம் என்று நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் பிழை பார்க்க உட்கார்ந்தேன். ஜனவரிக்கு அஹிம்சை. பிப்ரவரித் தாளைத் திருப்பினால் நாகரி எழுத்தில் பெரிதாக ‘சத்யம்’. மை சரியாகக் காயாமல் விரலில் ஒட்டியது. அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே பஸ் ஏறினேன். ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வெளியே பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

அதே தடத்துப் பஸ்ஸில்தான் நாம் பழகினோம். நான் விருதுநகரில் ஏறி சிவகாசி அச்சகத்துக்குப் போவேன். நீங்கள் ஆமத்தூரில் ஏறுவீர்கள். சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அட்டெண்டன்ஸ் நோட்டு உங்கள் பொறுப்பு. ஒருநாள் என் மடியில் இருந்த வடமொழி அரிச்சுவடியை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி இரண்டு சொல் வாசித்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கே லோடு போகிற பெட்டிகளின் மேல் பார்த்துப் பார்த்துப் பழகியது என்றீர்கள். என் கதையும் அதுதான். இந்தி லேபிள்களுக்குப் பிழை பார்த்தே நாகரி எழுத்துப் பழகியவள் நான். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியும், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.

நான் தபால் வழியில் யோக தத்துவப் பட்டயம் படிக்கப் பணம் கட்டியிருந்தேன். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வெளியேற ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீங்களும் விண்ணப்பம் வாங்கினீர்கள். உங்களுக்கு எதற்கக்கா இது என்று கேட்டதற்கு, “காலையில இருந்து பேரு கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆயுசு போகுது. கொஞ்சம் பேசாம இருக்கப் படிக்கணும்” என்றீர்கள்.

அப்புறம் அந்தப் பஸ்ஸே நமக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது. ராமஹ, ராமௌ, ராமாஹ என்று வேற்றுமை வரிசையை நாம் முணுமுணுப்பதைக் கண்டு கண்டக்டர் விரதக்காரிகள் என்று நினைத்துக்கொண்டார். உங்கள் தெரு முத்துமாரி ஒருநாள் கம்பெனி வேனைத் தவறவிட்டு நம் பஸ்ஸில் ஏறினாள். நம் பக்கத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நல்ல மந்திரமா இருக்கேக்கா, எனக்கும் சொல்லித் தாங்க. பிள்ளைக்குப் பரீட்சை வருது” என்றாள். இது மந்திரம் இல்லை, இலக்கணம் என்று நான் விளக்கப் புறப்பட்டேன். நீங்கள் என் தொடையில் தட்டி அடக்கிவிட்டு முதல் மூன்று சொல்லையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கண்ணை மூடிக் கைகூப்பிச் சொல்லிப் பார்த்தாள். கம்பெனி வாசலில் உங்களோடு இறங்கிப் போகும்போது எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பின்பக்கம் பருப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்துதான் யோகம் சொல்லும் மனம், பௌத்தம் சொல்லும் மனம் என்று பாடம் கேட்டோம். இரண்டு மரபுக்கும் பொதுவானது என்று மைத்ரி பாவனை கற்றுக்கொடுத்தார்கள். நலமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டுவது; முதலில் தனக்கு, பிறகு வேண்டியவர்களுக்கு, பிறகு முன்பின் தெரியாதவர்களுக்கு, கடைசியில் ஆகாதவர்களுக்கு. நிறுத்தத்தைத் தாண்டியே பஸ்ஸை நிறுத்தும் டிரைவரை நீங்கள் ஆகாதவர் பட்டியலில் வைத்திருந்தீர்கள். மழைக்காலம் முடியும்வரை அவருக்கு மைத்ரி வரவில்லை என்று பேராசிரியரிடமே ஒப்புக்கொண்டீர்கள்.

இரண்டாம் வருடம் செய்முறைப் பாடம் வந்தது. ஐந்து யமத்தில் ஒன்றை எடுத்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கடைப்பிடிக்க வேண்டும். தினமும் நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை உடன் படிக்கிறவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அபரிக்கிரகம் எடுத்தேன். பொருள் சேர்க்காமலிருப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று, மார்க் சுலபமாக வந்துவிடும். நீங்கள் சத்தியம் எடுத்தீர்கள். உங்கள் நோட்டுக்கு நான் சாட்சி, என் நோட்டுக்கு நீங்கள்.

ஒன்பதாம் நாள் உங்கள் கம்பெனியில் பட்டாசு மருந்து வெடித்தது.

தீபாவளி சீசன். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான்கு பேர் போய்விட்டார்கள், அதில் முத்துமாரி ஒருத்தி. அவள் பெயர் உங்கள் நோட்டில் இல்லை. சீசனுக்குக் கூடுதலாக எடுத்தவர்களின் பெயரை ஒரு துண்டுத் தாளில்தான் எழுதச் சொல்வார்கள். சாயங்காலம் அதைக் கிழித்துவிடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. வெடித்த அரை மணி நேரத்தில் மேனேஜர் வந்து உங்கள் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளே ஊரெல்லாம் ஒரு பேச்சு. முத்துமாரி அன்று வேலைக்கே வரவில்லை, சொந்தக்காரருக்குச் சோறு கொண்டு வந்தவள். ஆணி அடித்த செருப்பைக் கழற்றாமல் மருந்து அறைக்குள் நுழைந்துவிட்டாள், உராய்வில் தீப்பொறி கிளம்பிவிட்டது. மற்ற மூன்று உயிரும் அவளால்தான் போயின.

அதற்கடுத்த நாள் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தீர்கள். “வேப்பமரத்தடியில செருப்ப விட்டுட்டுத்தான் உள்ள போனா. நான் பார்த்தேன். பேரு கூப்பிட்டதும் நான்தான்” என்றீர்கள். மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வருகிறார், உங்களையும் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கம்பெனியை மூடிவிடுவார்கள், சீசன் நேரத்தில் இருநூறு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும், உங்கள் தெருவிலேயே முப்பது வீடு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டுகிறது என்றீர்கள். “நீ நல்லாப் படிக்கிறவ. பாடத்துல இதுக்கு என்ன சொல்லியிருக்கு, சொல்லு” என்று கேட்டீர்கள்.

பயந்துபோன ஒரு மனுஷி கேட்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை அக்கா. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல் உற்சாகமாகிவிட்டேன். யமங்களில் அஹிம்சைதான் வேர், சத்தியம்கூட அதற்குக் கட்டுப்பட்டது. உயிர்களுக்குத் தீங்கு செய்யும் சொல் உண்மைபோலத் தோன்றினாலும் உண்மை ஆகாது என்று யோக சூத்திர உரையில் இருப்பதாக மூன்றாம் பாடத்தில் படித்தோமே என்று ஆரம்பித்தேன். அதோடும் விடவில்லை. புத்தர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மௌனமாக இருந்தாரே, அந்த மௌனம் பொய் ஆகுமா என்று கேட்டேன். இரண்டு மரபும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள் என்று எனக்குப் பெருமை வேறு. நோட்டில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை என்று முடித்தேன். அந்தக் கம்பெனிக்கு லேபிள் அடித்துக் கொடுத்தது எங்கள் அச்சகம்தான். நான் அதை நினைத்துப் பேசவில்லை என்றுதான் அன்று நம்பினேன். இன்று அப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

இறங்கும்போது, “அவ்வளவுதானா?” என்று மட்டும் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன்.

விசாரணையில் நோட்டில் உள்ள பெயர்களை வாசித்தீர்கள். வேறு யாராவது உண்டா என்று கேட்டதற்கு, நோட்டில் இருப்பது இவ்வளவுதான் என்றீர்கள். அன்றைய பக்கத்தில், ‘இன்று பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை’ என்று எழுதி ஞாயிற்றுக்கிழமை என்னிடம் நீட்டினீர்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதினேன்.

விசாரணைக்குப் பிறகு இரண்டு வாரம் பஸ்ஸில் நாம் வேற்றுமை வரிசை சொல்லவில்லை. அந்த இரண்டு வாரம் முடிந்ததும் ஒருநாள் நீங்கள் பஸ்ஸில் வரவில்லை. விருதுநகருக்கு எதிர்ப்பக்கப் பஸ் ஏறி, அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், துண்டுத் தாளைப் பற்றியும் வேப்பமரத்தடிச் செருப்பைப் பற்றியும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அச்சகத்தில் பேசிக்கொண்டதை வைத்துத்தான் எனக்கே தெரியும்.

கம்பெனியை மூடினார்கள். எங்கள் அச்சகத்தில் அதன் லேபிள்கள் கட்டுக் கட்டாகத் தேங்கின. உங்கள் தெருப் பெண்கள் உங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர்க் குழாயில் உங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டும் சரக்கு வேனுக்கு லோடு தருவாரில்லை. நாற்பத்தெட்டாம் நாள் எல்லோரும் நோட்டைக் கொடுத்தபோது நீங்கள் கொடுக்கவில்லை. பதினாலு நாள் ஓட்டை விழுந்த விரதம் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு முதல் வகுப்பு வந்தது.

அப்புறமும் உங்களைப் பார்க்க அவ்வப்போது வந்தேன். அச்சங்குளம் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். ஏன் திடீரென்று மனசு மாறியது என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஏதோ ஒரு பாடத்தில் என் வாதத்துக்கு மறுப்புக் கண்டுபிடித்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த மறுப்புக்கு என்ன மறுப்பு என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட மக்கு நான்.

ஒருமுறை மட்டும் மைத்ரி பாவனையைப் பற்றிப் பேச்செடுத்தீர்கள். குடத்தை நகர்த்தியவர்களுக்கு வருகிறது, மேனேஜருக்கும்கூட வருகிறது என்றீர்கள். “எனக்குன்னு சொல்ல ஆரம்பிக்கயிலதான் நிக்குது. அந்த முதப் படியத் தாண்ட முடியல.” முதல் படியை விட்டுவிட்டு இரண்டிலிருந்து தொடங்குங்கள், சில மரபுகளில் அப்படியும் உண்டு என்று அதற்கும் ஒரு யோசனை சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

நான்கு வருடத்தில் சர்க்கரை உங்களைக் கொண்டுபோய்விட்டது. சேதி கேட்டு ஆமத்தூர் வந்தேன். தெரு முழுக்க உங்கள் வாசலில் இருந்தது. பேசாமலிருந்தவர்களே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உள்ளே உங்கள் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். முத்துமாரியின் மகள். பரீட்சைக்கு மந்திரம் கேட்டாளே, அந்தப் பிள்ளை. இப்போது வளர்ந்திருந்தாள்.

உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீடு கழுவிவிட்ட ஈரத்தில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரில் ஒருவரும் வரவில்லை. மூன்று பேரைக் கொன்றவள் வீட்டில் யார் கை நனைப்பார்கள்? மாமன் முறைக்காரர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவளும் அவள் அப்பாவும் ஐம்பது பேருக்கு ஆக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். அவளுக்கு நீங்கள் அத்தை. “அத்தை மட்டும்தான் வந்தாக. இலை போடச் சொல்லி உக்காந்து சாப்புட்டாக. பாதியிலயே அழுதுட்டாக. மறுநாத்தான் விருதுநகர் போயி எல்லாத்தையும் சொன்னாக. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து துக்கம் கேட்டாகதான். என்ன செய்ய, விசேஷம் முடிஞ்சு போச்சே.”

நீங்கள் எந்தப் பாடத்திலும் மறுப்புத் தேடவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதல் படி ஏன் உங்களுக்கு நின்றுபோனது என்பதும் தெரிந்தது.

அவளிடம் சொல்லிவிட்டேன் அக்கா. அந்தப் பதினாலு நாளும் உங்கள் வாயைக் கட்டிப்போட்டது என் பேச்சுதான் என்று. உன் அத்தை என்னிடம் கேட்டார், நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பேசாமலிருக்க வைத்தேன் என்று. சொல்லும்போதே அஹிம்சை, இருநூறு குடும்பம் என்று வாய் மறுபடியும் காரணத்துக்குப் போனது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை அதை விரும்பினேனோ என்னவோ. அவள், “எங்கம்மாவ உங்களுக்குத் தெரியும்லக்கா. அன்னைக்கு நீங்களும் வந்திருக்கலாம்ல” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பதினாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வகுப்பு இருந்தது. நான் முதல் பெஞ்சில் இருந்தேன். விருப்பு வெறுப்பின்றி விலகி நிற்பது உபேக்ஷை என்று விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் இந்தப் பக்கம் எங்காவது வெடித்து உயிர் போனதாகச் சேதி வந்தால், பதினாறாம் நாள் எது என்று விசாரித்து வைத்துக்கொள்கிறேன். புதுப்பட்டியோ சாத்தூரோ, பஸ் மாறிப் போய் இறங்கி, வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துப் போகிறேன். கூட்டம் இருந்தால் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவேன். கூட்டம் இல்லாத வீடு என்றால் உட்கார்கிறேன், இலை போட்டால் சாப்பிடுகிறேன். நீங்க யாரு, என்ன முறை வேணும் என்று கேட்பார்கள். எவ்வளவோ விளக்கம் படித்தவள்தான். ஒன்றும் சொல்வதில்லை அக்கா, சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.