இருபத்தாறாம் பாடம்

இன்று வியாழக்கிழமை. காலை பத்தேகாலுக்கு வெக்ஸ்போர்ட்டில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர் என்னை அழைத்து உறுதிப்படுத்தியது இவ்வளவுதான்: உன்னுடைய பழைய வீடியோ விளையாட்டுத் தகட்டின் மூடியைக் கழற்றி அளந்து பார்த்தார். உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரியில் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் மிஞ்சியிருக்கிறது. ஆகவே நீ கடைசியாகச் சேமித்த ஆட்டம் அழிந்திராது என்று நம்பலாம் என்றார்.

“நம்பலாமோ, தெரியுமோ?” என்று கேட்டேன்.

“நம்பலாம் அண்ணை. ஆட்டம் ஓடினாத்தானே தெரியும்” என்றார்.

அவருடைய சொற்களை அப்படியே குறித்துக்கொண்டேன். வேறு சாட்சி எனக்கு இல்லை.

தகடு கடையில் இருக்கிறது. அதைச் செருகி விளையாடும் கருவி என் மேசையில் இருக்கிறது. சாம்பல் நிறம் மஞ்சளாகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரியில் கை துடைக்கும் திரவத்தின் மணம் வருகிறது. மணம் வந்ததும் கீழே வைத்துவிடுகிறேன். சிறிது நேரத்தில் மறுபடி எடுக்கிறேன். பத்திரிகைக்கு எழுதவேண்டிய இந்த வாரக் கட்டுரை இன்னும் தொடங்கவில்லை. ஆசிரியர் பகுதியிலிருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், மச்சான். இருபத்தாறாம் பாடத்தை நீ யாருக்குக் கொடுத்தாய்?

நாங்கள் இருவரும் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒற்றை அறை அப்பார்ட்மென்றில் இருந்த காலத்தில்தான் நீ அந்தக் கருவியைக் கொண்டுவந்தாய். பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுமுன் பரப்பி விற்றுக்கொண்டிருந்த பழைய சாமான்களுக்குள் கிடந்ததாம். நம் இருவருடைய அகதி வழக்கும் முடியவில்லை. நீ பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் வாரப் பத்திரிகையில் சேர்ந்த புதிது. சின்னப் பிள்ளைகளின் சாமான் உனக்கெதற்கு என்று கேட்டேன். ஆங்கிலம் படிக்கப்போகிறேன் என்றாய். உண்மையாகவே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடினாய்.

காட்டிலும் குகையிலும் திரியும் விநோத மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களுடைய மிருகங்களோடு மோதவிடுவதுதான் ஆட்டம். ஒரு மிருகத்துக்கு நான்கு வித்தைகளுக்கு மேல் தெரிந்திருக்க முடியாது. ஐந்தாவதைப் படிக்கவேண்டுமானால் ஒன்றை மறக்கவேண்டும். வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் பொருட்கள் இலக்கமிட்டு அங்கங்கே கிடைக்கும். ஆட்டத்தில் அவற்றுக்கு ஏதோ இயந்திரப் பெயர். நீ ‘பாடம்’ என்றாய். ஒரு பாடத்தை ஒரு மிருகத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். கொடுத்ததும் அது இல்லாமல் போய்விடும். சிலவற்றைக் கடையில் மறுபடி வாங்கலாம். இருபத்தாறாம் இலக்கத்தை வாங்க முடியாது. அது நிலநடுக்கம். ஆட்டம் முழுவதற்கும் ஒரேயொரு பிரதி.

மிருகங்களுக்குப் பெயர் வைக்கலாம் என்று கண்டுபிடித்த அன்று, வாயைத் திறந்தபடி நிற்கும் ஒரு இளஞ்சிவப்புப் பிராணிக்கு ‘ரிப்போர்ட்டர்’ என்று வைத்தாய். “உதுக்கு அடி விழுந்தா நோகிறதுக்கே கொஞ்ச நேரம் செல்லுமாம். நீங்களும் நடந்து ஒரு கிழமைக்குப் பிறகுதானே செய்தி போடுறனீங்கள்” என்றாய். கல்லுத் தோல் காண்டாமிருகம் ஒன்றுக்கு ‘தம்பி’ என்று பெயர் வைத்தாய். அதற்கு விளக்கம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஊரில் போர்க்காலத்தில் அம்மாவுக்கு மருந்து வாங்கச் சைக்கிளில் போன உன் தம்பி திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

இருபத்தாறாம் பாடம் கையில் இருந்தும், கடைசிச் சுற்றில் ஏழெட்டுத் தடவை தோற்றாய். அதைக் காண்டாமிருகத்துக்குக் கொடுத்தால் ஒரே நாளில் வென்றுவிடலாம் என்று நான் நச்சரித்தேன்.

“அது அவனுக்கு வைச்சது. வந்து தானே பழக்கட்டும். வந்த உடனை ‘எனக்கு என்ன வைச்சிருக்கிறாய்’ எண்டுதான் கேப்பான். அப்ப நான் என்னத்தைக் காட்டுறது?”

அதற்குப் பிறகு நான் நச்சரிக்கவில்லை. பாடத்தைப் பையிலிருந்து எடுத்து, ஆட்டத்துக்குள் இருக்கும் கணினிப் பெட்டகத்தில் போட்டு வைத்தாய். அது அங்கேயே கிடந்தது. உனக்கு வழக்கு வென்றது, கலியாணமானது, ரூஜில் வீடு வந்தது, மகள் பிறந்தாள். அவளுக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்தபோதும் ஒரே ஒரு கட்டளைதான்: எதையும் எடு, இருபத்தாறைத் தொடாதே. அது சித்தப்பாவுடையது.

அவளுக்காகப் புதுப்புதுப் பதிப்புகள் வாங்கினாய். ஒவ்வொன்றிலும் பாடங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கு அழைத்துச் சொல்வாய். நான் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். வேடிக்கையாகத் தொடங்கியது, பழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கம் இப்போது என் முன்னே இருக்கிறது. முதல் பதிப்பில் இன்னொரு வகைப் பாடமும் இருந்தது: எத்தனை மிருகத்துக்கும் கொடுக்கலாம், ஆனால் படித்த மிருகத்தால் மறக்கவே முடியாது. மரம் வெட்டுவது, கடலில் நீந்துவது போன்றவை. ஒரு காட்டைக் கடப்பதற்காகப் படித்ததை அது சாகும்வரை சுமக்கவேண்டும். “எங்கடை ஆக்கள் மாதிரி” என்றாய். அடுத்த பதிப்பிலேயே, மறக்கவைப்பதற்கென்று ஒரு கிழவன் ஒரு வீட்டில் இருக்கிறான் என்று சொன்னாய். விலாசத்தைக் கேட்டுச் சொல்லு என்றேன்.

ஆட்டத்தின் ஐந்தாம் தலைமுறைப் பதிப்பில் பெரிய மாற்றம் வந்தது. பகல் வேளையில், நான் ஒரு நகரசபைக் கூட்டத்தில் இருக்கும்போது அழைத்தாய். வெளியே வந்து எடுத்தேன். “மச்சான், பாடம் இனித் தீராதாம். ஒண்டை எத்தினை தரமும் குடுக்கலாம்.” உன் குரலில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்படியென்றால் பழையதில் உள்ள இருபத்தாறையும் கொடுத்துவிடேன், இனிக் கட்டிக் காப்பதற்கு என்ன இருக்கிறது என்றேன்.

“அது பழைய ஆட்டம். அங்கை ஒண்டுதான்.”

ஏழாவதில் மறக்க முடியாத பாடங்களை ஒழித்துவிட்டார்கள். எட்டாவதில் இரண்டு விதமும் வந்தன: தீராதவை ஒரு பக்கம், ஒரு தடவையோடு போகிறவை மறு பக்கம். அந்தக் குறிப்புத்தான் நீ சொல்லி நான் எழுதிய கடைசிக் குறிப்பு.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் உன் அம்மா காலமானார்.

மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். நம்மவர்களின் அறிவித்தல் எப்படியிருக்கும் என்பது உனக்குத் தெரியும். பிறந்த ஊர், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், யாருடைய மாமி என்று உறவு ஒன்றும் விடுபடாமல் வரும். முன்பே போனவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். ஒரு பெயர் தவறினால் சம்பந்திகள் பேசாமல் போய்விடுவார்கள் என்பதால் இரண்டு தடவை சரிபார்ப்பேன். நீ தொலைபேசியில் அழுதபடி பெயர்களைச் சொன்னாய். நான் தட்டச்சு செய்தேன். உன் தகப்பனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டேன். உன் தம்பியின் பெயருக்கு முன்னாலும் போட்டேன்.

நீ அதைச் சொல்லவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. கை தானாகப் போட்டது என்று சொன்னால் பொய். போடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தினேன். இத்தனை வருடமாகிவிட்டது, இனி எங்கே என்று நினைத்தேன். நினைத்துத்தான் போட்டேன்.

பத்திரிகை பலசரக்குக் கடை வாசல்களில் அடுக்கப்பட்ட பிறகு நீ அலுவலகத்துக்கு வந்தாய். சத்தம் போடவில்லை. பக்கத்தை மேசையில் விரித்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தாய்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

தாளை என் பக்கம் இழுத்தேன். நீ விரலை எடுக்கவில்லை.

“ரெண்டு பேரிட்டைக் கேக்காமல் ஒரு தண்ணிக் குழாய் வெடிச்ச செய்தியும் போடமாட்டாய். என்ரை தம்பி செத்தது உனக்கு ஆர் சொன்னது? அம்மா கண்ணை மூடும்மட்டும் அவனுக்குச் சோறு மூடி வைச்சவ. அவவின்ரை அறிவித்தலிலையே நீ அவனைச் சாகடிச்சுப்போட்டாய்.”

அடுத்த வாரம் திருத்தம் போட்டேன். அதைப் பார்த்துத்தான் பலருக்கு முதல் பிழையே தெரியவந்தது. தம்பியைப் பற்றி ஏதும் செய்தி கிடைத்ததா என்று உன் வீட்டுக்கு ஆட்கள் அழைக்கத் தொடங்கினார்களாம். அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை. கோயிலில் கண்டாலும் மறுபக்கத்தால் போனாய்.

ஒன்பதாம் தலைமுறை நாங்கள் பேசாத காலத்தில் வந்தது. நானே தேடி வாசித்தேன். பாடங்கள் மறுபடியும் ஒரு தடவையோடு தீர்ந்துபோகின்றன. ஆனால் திரும்பச் செய்துகொள்ளலாம். மிருகங்கள் விட்டுப்போகும் மயிர், நகம், செதில் என்று அலைந்து பொறுக்கிக்கொண்டுபோய் ஓர் இயந்திரத்தில் கொடுத்தால் புதிதாக அடித்துத் தரும். வாசித்த உடனே உனக்கு அழைத்தேன். நீ எடுக்கவில்லை. குரல் பதிவில் அதைச் சொல்லிவைத்தேன்: பாடம் திரும்பவும் தீருதாம் மச்சான், ஆனால் செய்யலாமாம், பொறுக்கவேணுமாம். அறுபதை நெருங்கிய ஒருவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுவா என்று நீ நினைத்திருக்கலாம். நேரே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அண்மையில் வந்த பதிப்பில் பாடங்கள் மறுபடி தீராதவையாகிவிட்டன. அதை உன்னிடம் சொல்ல நான் அழைக்கவும் இல்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதை உன் மகள்தான் எனக்குச் சொன்னாள். ஸ்காபரோவில் பத்து நிமிடக் கார்ப் பயணம். போனேன். நீ உறங்கிக்கொண்டிருந்தாய். இந்தக் கருவி உன் நெஞ்சில் கிடந்தது. வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி நீயே கேட்டாயாம். எழுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், நாளைக்கு வாறன் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். விழித்து என்னைக் கண்டதும் நீ முகத்தைத் திருப்பிவிட்டால் என்ன செய்வதென்ற பயம். அடுத்த நாள் விடியமுன்னே அவள் அழைத்தாள்.

உன் அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். அவள் கேட்டாள், மறுக்க முடியவில்லை. சகோதரர் வரிசையில் உன் தம்பியின் பெயரை முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் வெறுமனே போட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அவள் கருவியைக் கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அங்கிள், ட்வென்ரி சிக்ஸ் இல்லை. பாக்கிலையும் இல்லை, பிசியிலையும் இல்லை. அப்பா யூஸ் பண்ணிட்டார்.”

மிருகங்களைத் திறந்து பார்க்கப் போன நேரத்தில் சிவப்பு விளக்கு மங்கித் திரை அணைந்துவிட்டதாம். கருவிக்குப் புதுப் பற்றரி போட்ட பிறகு வெள்ளைத் திரை மட்டும்தான் வருகிறது. தகட்டின் பித்தளைக் கால்கள் அரித்துப்போயிருக்கின்றன என்கிறார் கடைக்காரர். அவற்றைச் சுரண்டுவதற்கும் பொத்தான் பற்றரியை மாற்றுவதற்கும் முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்தாகவேண்டும். அதற்கான கருவி அவரிடம் இல்லை, தருவிக்கிறார். அதற்கிடையில் மின்சாரம் இறங்கினால் எல்லாம் போய்விடும்.

தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதிப் பார்த்தேன். பாடம் இல்லை என்பது தெரியும். அதற்கும் ஒரு சாட்சிதான். நீ அதை விற்றிருக்கலாம், எறிந்திருக்கலாம். ஆட்டம் அதற்கும் இடம்கொடுக்கிறது. ஆனால் நீ எறிந்திருக்கமாட்டாய். காண்டாமிருகத்துக்குக் கொடுத்திருந்தால், தம்பி இனி வரமாட்டான் என்று கட்டிலில் கிடந்து நீயே முடிவு செய்திருக்கிறாய். அந்த முடிவுக்கு உன்னைத் தள்ளியதில் நான் அச்சிட்ட ஒற்றைச் சொல்லுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ‘ரிப்போர்ட்டர்’ என்ற அந்த இளஞ்சிவப்புப் பிராணிக்குக் கொடுத்திருந்தால்? அவனுக்கென்று வைத்ததை எனக்கு ஏன் தந்தாய்? மன்னித்தா? அல்லது, இந்தா, நீதானே அவனை முடித்தாய், அவனுடையதையும் நீயே எடு என்றா? எதுவென்றாலும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். நிலநடுக்கம் என்று ஒரு வரி இருக்கும். ஏன் என்பதற்கு அங்கே இடமில்லை. அது தெரிந்தும் காலையிலிருந்து கடைக்காரரை மூன்று தடவை அழைத்துவிட்டேன். மூன்றாம் தடவை அவர் மெதுவாக, “அண்ணை, நானே கோல் எடுப்பன்” என்றார்.

‘ஆர் உனக்குச் சொன்னது’ என்ற உன் கேள்வியைத்தான் நான் கொண்டு திரிகிறேன். வாரம் நாலைந்து அறிவித்தல் வருகிறது. ‘காலஞ்சென்ற’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் வீட்டாரை மறுபடி அழைத்து, இவர் காலமானதை உறுதியாகச் சொல்கிறீர்களா என்று கேட்கிறேன். சிலர் கோபிக்கிறார்கள். ஒரு அன்ரி போன மாதம் பதில் சொல்லாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நானும் வைக்கவில்லை. கடைசியில், “அந்தச் சொல்லு வேண்டாம் தம்பி, சும்மா பேரைப் போடும்” என்றார்.

பிரதி எடுக்கும் கருவி சனிக்கிழமை காலை வருமென்று கடைக்காரர் எதிர்பார்க்கிறார். வந்தால் மத்தியானம் இரண்டு மணிக்குள் ஆட்டம் ஓடுமா இல்லையா என்பது தெரிந்துவிடும். உன் மகள் ரூஜிலிருந்து நேரே கடைக்கு வருகிறாள். ஓடினால் முதலில் எந்த மிருகத்தைத் திறப்பது என்று குறுஞ்செய்தியில் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை.