மாமா என்று எழுதிய டியூப்

சங்கராபுரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தனுஷாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், இந்த முறை கண்களையும் சேர்த்தே சொல்கிறேன். மான்செஸ்டர் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் ஃபோன் என்பது தெருக்குழாய் மாதிரி, ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார்கள், பூமாலை சித்தி ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம், உன் அப்பா வாசலில் இருந்தபடியே ஒரு கேள்வி. சித்தியைப் பற்றிய விஷயத்தைச் சித்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எப்படியும் பார்சல் அனுப்புகிறோம், அதற்குள் இதையும் வைத்துவிடுகிறேன்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். தாத்தாவின் கண் ஆபரேஷன் முதல் தடவை ஏன் தள்ளிப்போனது என்பது ஒன்று. உன்னோடு தங்கியிருக்கும் பெண்கள் பேஸ்ட், க்ரீம் எல்லாவற்றிலும் பெயர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள், ஒரு நாள் நீ அவர்கள் பேஸ்ட்டை எடுத்ததற்கு முகம் சுளித்தார்கள், மனுஷியை இப்படியா ஒதுக்குவது என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், கொஞ்சம் நீளமான பதில்.

ஆரம்பித்து வைத்தது உன் அப்பா. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு டிராக்டரோடு வரிசையில் காத்துக் கிடந்துவிட்டு வந்தவர், மறுநாள் கண் செக்கச்செவேலென்று எழுந்தார். மெட்ராஸ் ஐ. டாக்டர் ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார், சுண்டுவிரல் அளவு டியூப். வீட்டுக்கு வந்ததும் அது எங்கே போகும் என்று உனக்குத் தெரியும், முற்றத்து ஜன்னலில் நிற்கும் அந்த எவர்சில்வர் டம்ளருக்குள். பேஸ்ட், தலைவலித் தைலம், கால் வெடிப்பு க்ரீம், தீப்புண் மருந்து, எது வந்தாலும் ஒரே டியூப், வீட்டுக்கே பொது. சாயங்காலம் விளக்கேற்றியதும் சித்தி அதை எடுத்துக்கொண்டு உட்காருவாள், எல்லாரும் வரிசையாகப் போய் அண்ணாந்து கண்ணைக் காட்ட வேண்டும். கீழ் இமையை இழுத்து, டியூப் மூக்கை உள்ளே வைத்து, மை தீட்டுகிற மாதிரி ஓர் இழுப்பு. நுனி கண்ணில் படக்கூடாது என்று முதல் நாளே சொன்னேன். "படாம எப்டிக்கா போடறது, காத்துலயா பூசறது" என்றாள். நான் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு விலகி உட்கார்ந்தேன், அதற்கே "டீச்சரம்மாவுக்கு நம்ம கையி ஆவாது" என்று ஒரு பேச்சு. சித்தப்பாவுக்குக் கண் சிவந்தது, பிறகு அவர் பெண் ஷாலினிக்கு, பிறகு சித்திக்கே. ஒன்றுமில்லாமல் இருந்த தாத்தாவையும் அவள் விடவில்லை, "இப்பவே ஒரு தபா போட்டு வெச்சா வராது மாமா" என்று முன்னெச்சரிக்கையாக அவருக்கும் ஓர் இழுப்பு இழுத்து வைத்தாள். அவளுடைய அக்கறையில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை, முறையில்தான்.

ஆபரேஷன் தேதியன்று தாத்தா புது வேட்டி கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் சிவந்திருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைத்தால் கிருமி உள்ளே போய் இருக்கிற பார்வையும் போய்விடும், முழுசாகத் தெளிந்த பிறகுதான் என்று வேறு தேதி கொடுத்தார். புரை நன்றாக முற்றிவிட்டதாம், இன்னொரு முறை தள்ளினால் சிக்கலாகும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து, "மல தெரியுதாம்மா" என்று கேட்டார். தெரிகிறது மாமா, மழையில் கழுவி விட்ட மாதிரி பக்கத்தில் நிற்கிறது என்றேன். ஏதோ பார்த்துவிட்டவர் போல அந்தப் பக்கமே தலையாட்டிக்கொண்டு வந்தார். கல்வராயன் மலை நின்றது எதிர்ப் பக்கத்தில். உனக்கு ஒன்று தெரியாது, வீடியோவில் நீ வரும்போதெல்லாம் "எளச்சிட்டியே கண்ணு" என்று சொல்வார் இல்லையா, அவருக்கு அந்தத் திரையில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்துகொண்டிருந்தது. தூர தேசத்தில் இருக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னால் எப்போதும் பொருந்தும் என்று குத்துமதிப்பாகச் சொன்னதாம் அது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார், உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

மறுநாள் டாக்டர் சீட்டோடு சுஐப் மருந்துக்கடைக்குப் போய் ஆளுக்கொரு டியூப் கேட்டேன். "இன்னா டீச்சர், ஸ்கூலுக்கா வாங்கிக்கினு போறீங்க" என்றான் சுஐப், ஒரே வீட்டுக்குத்தான் என்றதும் அவனுக்கு இன்னும் சிரிப்பு. மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினேன், தாத்தாவுடையதில் மாமா என்று. வீட்டில் இடி இறங்கியது போல ஆகிவிட்டது. "டியூப்ப பிரிச்சிட்டீங்க, நாளைக்கு அடுப்ப பிரிப்பீங்களாக்கா" என்று சித்தி கண்ணைக் கசக்கினாள், கசக்கக் கூடாத சமயம் அது. "என்ன ஒதுக்கி வெச்சிட்டீங்களாம்மா" என்றார் தாத்தா. அப்பா தன் பங்குக்கு, "எல்லாம் ஒரே மருந்துதான ஜெயா, எதுல இருந்தா இன்னா" என்றார். நான் விலங்கியல் படித்த தோரணையில் கிருமி எப்படிப் பரவுகிறது என்று விளக்கினேன், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் மணி அடிக்கக் காத்திருக்கிற மாதிரி எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சண்டை ஒன்றும் இல்லை, டம்ளரைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மற்றவர்கள் கண் ஒவ்வொன்றாகத் தெளிந்தது, தாத்தாவுடையது மட்டும் சிவப்பு குறைவதும் ஏறுவதுமாக இருந்தது.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் டம்ளரை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஆயின்மென்ட் டியூப், மாமா என்று எழுதியது, அடியிலிருந்து பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவரப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் சித்தியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, மூடி திறக்காமல். எங்கே என்று கேட்டதும் மறைக்காமல் அவளே காட்டினாள். "எல்லாத்தையும் ஒன்னா தொறந்தா வீணாப்பூடும்க்கா, ஒன்னு தீந்ததும் ஒன்னு எடுத்துக்கலாம்னு வெச்சிருக்கேன். பெரியவரு பேருல இருக்கறதத்தான மொதல்ல தொறக்கணும்" என்றாள். யோசித்துப் பார், மாமனார் பெயருக்கு மரியாதை, மருந்துக்குச் சிக்கனம், இரண்டும் சேர்ந்து வீட்டிலிருந்த அத்தனை கண்களும் அவருடைய டியூப்பிலேயே தொட்டுத் தொட்டுப் போயிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது, புதுத் தேதி அடுத்த வாரம்.

அன்று மத்தியானம் ஆதிமூலம் சித்தப்பா கழனியிலிருந்து வந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டார். சித்தி அடுப்பங்கரையிலிருந்து பாய்ந்து வந்தாள். "இன்னாங்க, வாய் வெச்சா குடிக்கிறீங்க, தூக்கிக் குடிக்கத் தெரியாது? பச்சக் கொழந்தயா நீங்க, பீடிங் பாட்டில் வாங்கியாரட்டா" என்று பிடுங்கிக்கொண்டு போய்ப் புளியைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, சொம்பில் ஒருத்தர் வாய் பட்டாலே எச்சில் என்கிறாயே பூமாலை, டியூப்பில் இத்தனை பேர் கண் பட்டால் அது என்ன என்று மட்டும் கேட்டேன். "கண்ணுக்கு ஏதுக்கா எச்சி" என்று ஆரம்பித்தவள் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஐயய்ய, எல்லாரு பீளையயும் இல்ல மாமா கண்ணுல தடவிக்கினு இருந்திருக்கேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே, "இத மொதல்லயே இப்டி சொல்லக்கூடாதா, கிருமி கிருமின்னு கிளாஸ் எடுத்துக்கினு இருந்தீங்களே" என்று என்மேல் பாய்ந்தாள். அது நியாயம்தான். பழைய டியூப்பில் இன்னும் மருந்து இருக்கிறது, கன்றுக்குட்டி கண்ணுக்குப் போடலாமே என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "கன்னுக்குட்டி இன்னா பாவம் பண்ணுச்சி" என்று சொல்லிக் குப்பைக்குழியில் வீசினாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கெடுபிடி. தாத்தாவுக்கென்று புது டியூப், அதிலும் மாமா என்று நானே எழுதினேன், அதை வேறு யாரும் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, முதலில் வருகிற துளியைப் பஞ்சில் துடைத்துவிட்டு, நுனி எங்கேயும் படாமல் தூக்கிப் போட வேண்டும், தூக்கிக் குடிப்பது போல. சித்தியின் கை அதில் என் கையைவிட நிதானம். பொது டியூப்களுக்கும் அதே சட்டம்தான், வெடிப்பு க்ரீமைச் சுத்தமான ஸ்பூனில் பிதுக்கி அங்கிருந்துதான் காலுக்கு எடுக்க வேண்டும், பேஸ்ட் டியூப் பிரஷ்ஷில் உரசக் கூடாது. உன் அப்பாவின் பேஸ்ட் பாதி நாள் துவைக்கிற கல்லில் விழுகிறது. "பல்லு வெளக்கறதுக்கே லைசென்ஸ் எடுக்கணும் போலக்கீது" என்கிறார். சித்தி பயப்படுவது கிருமிக்கா எச்சிலுக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனால் நுனி சுத்தமாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

புதுத் தேதியன்று சித்தியும் கூட வந்தாள். டாக்டர் டார்ச்சோடு குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தனக்கே தீர்ப்புச் சொல்லப் போகிற மாதிரி நின்றாள். தெளிவாக இருக்கிறது, உள்ளே அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். மீதி உனக்குத் தெரிந்ததுதான். கட்டுப் பிரித்த அன்று தாத்தா முதலில் படித்தது டியூப்பின் மேல் இருந்த என் எழுத்தை. "டீச்சருன்னு சொல்லிக்கினு இவ்ளோ கோணலா எழுதறியேம்மா" என்றார். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு வீடியோவில் உன்னைப் பார்த்ததும், "ஏ கண்ணு, முடிய எப்ப வெட்டுன" என்று கேட்டாரே, அது எப்பவோ வெட்டியது தாத்தா என்று நீயும் சிரித்தாயே, அப்போது நான் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

அதனால் அந்தப் பெண்கள் பெயர் எழுதி வைப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னையும் உன் பேஸ்ட் வாங்கி உன் பெயரை எழுதி வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், அடுப்பைப் பிரிக்கவில்லை. கண் மருந்து, உதட்டுக்குப் போடுவது இரண்டையும் யார் கேட்டாலும் கொடுக்காதே, வாங்காதே. சேர்ந்து சமைப்பதை மட்டும் விட்டுவிடாதே.

பார்சலில் மலைச் சாமை, பருப்புப்பொடி, ஷாலினி வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அடியில் இரண்டு வெடிப்பு க்ரீம் டியூப். உனக்குக் குதிகால் வெடித்திருக்கிறது என்று கேட்டதும் சித்தி தானே சுஐப் கடைக்குப் போய் வாங்கி வந்து, என் மார்க்கரைக் கேட்டு வாங்கிப் பெயர் எழுதினாள். ஒன்றில் தனுஷா என்று இருக்கும், இன்னொன்றில் மத்த பொண்ணுங்க என்று இருக்கும். "ஒரே வூட்டுல இருக்குதுங்க, நம்ம பொண்ணுக்கு மட்டும் அனுப்புனா நல்லாவா இருக்கும்" என்றாள். அவர்கள் டியூப்பைத் தூக்கித்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் பாஷையில் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம், மறந்துவிடாதே, என்னைத்தான் கேட்பாள்.

தாத்தா, அப்பா, சித்தப்பா, சித்தி எல்லாருடைய ஆசீர்வாதமும் உனக்கு. உடம்பையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு.

அன்புடன் அம்மா,
ஜெயசுதா