மீதிக்கு எழுதிய சீட்டு

அக்கா,

இன்று காலை பருப்பு டப்பாவைக் கழுவக் கவிழ்த்தேன். அடியில் விரித்திருந்த பேப்பரோடு அந்த மஞ்சள் சீட்டும் வந்து விழுந்தது. மளிகைக் கடை முத்திரை, உன் பெயர், நீ செத்த நாளின் தேதி. கை ஈரமாக இருந்ததால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கவரைப்பேட்டைப் பக்கம் பழைய இரும்பு யார்டில் நாம் சேர்ந்து வேலை செய்தபோது காண்ட்ராக்டர் கூலியைக் காசாகத் தரமாட்டார். சீட்டு தருவார். அது அவர் மச்சான் வைத்திருந்த மளிகைக் கடையில் மட்டும்தான் செல்லும். அரிசி வாங்கலாம், எண்ணெய் வாங்கலாம். திருவள்ளூர் ஹாஸ்டலில் படித்த உன் மகளைப் பார்க்கப் போக முடியாது. "இத்த நீட்னா கண்டக்டர் டிக்கெட் குடுப்பானாடி?" என்று சிரிப்பாய். வாங்கிய அரிசியையே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு பஸ்சுக்குக் காசு தேற்றுவாய். கடைசி மாதம் அரிசி வாங்க ஆள் கிடைக்கவில்லை. மகளைப் பார்க்காமலே, வெயிலில் இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தாய்.

உன் சுருக்குப்பையில் இருந்ததெல்லாம் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு நான்தான் கடைக்கு ஓடினேன். வாய்க்கரிசிக்குப் பச்சரிசி, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் நாணயம் கேட்டேன்.

"காசா தர்றது இல்லம்மா. மீதிக்கு எய்தித் தரேன்."

உன் பெயரையே எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். அவருக்குக் கெட்ட எண்ணம்கூட இல்லை, கை பழகிவிட்டது. அந்தக் கல்லாவைக் கவிழ்த்துவிடலாம் போல் ஆத்திரம் வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

லைன் வீடுகளில் எல்லோரிடமும் அதே சீட்டு. போனில் பணம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரிடமும் நாணயம் இல்லை. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வெறும் நெற்றியோடு உன்னைக் கிடத்தியிருந்தோம். மகள் வந்து உன்மேல் விழுந்து அழுதாள். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் மூடியிருந்த கையைத் திறந்தாள். கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறை, வழி முழுக்க இறுக்கிப் பிடித்ததில் வேர்த்திருந்தது. அதில் ஒன்றைத்தான் சந்தனம் குழைத்து உன் நெற்றியில் ஒட்டினோம்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். சம்பளம் பேங்கில் விழுகிறது. ஆனாலும் ஒரு ரூபாய் நாணயம் எப்போதும் என் முந்தானையில் முடிந்திருக்கும், அக்கா. எந்த முடைக்கும் அதை அவிழ்ப்பதில்லை. அது என் நெற்றிக்கு.