பெட்டியைக் கொடுக்க மாட்டேன்

செக்காலை,
காரைக்குடி.

ஜெர்மனி தேசத்தைச் சுண்டுவிரலில் சுழற்றும் மகா மேதை, என் அக்காள் பெற்ற அணுகுண்டு மரிய அனிதாவுக்கு, உன் தாய்மாமன் சகாய ஆண்டனி கடுங்கோபத்தோடு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ நலமாயிருக்க வேண்டும் என்று நாளைக்கு விரும்பிக்கொள்கிறேன், இன்றைக்கு மனசில்லை.

உன் செய்தி கிடைத்தது. “மாமா, உங்க காது இருபது வயசுக் காதா இருக்கு. எங்க ஆராய்ச்சிக்கு ஆகாது. பெட்டியைக் காது மந்தமான கல்லல் மலையாண்டி சார்ட்ட குடுத்துருங்க” என்று எழுதியிருக்கிறாய். முடியாது. மலையாண்டி வாத்தியார் என் வாசலை மிதித்தால் கல்லல் ரயிலடி வரைக்கும் துரத்துவேன். அந்த வேகத்தைப் பார்த்து ரயிலே பின்னால் ஓடும்.

காது கேட்கும் கருவியாம்! ஒரு மாதமாகச் சட்டைப் பையில் சுமக்கிறேன். வயரைக் காதில் சொருகிக்கொண்டு ஒரு துரும்பு சத்தம் கூடுதலாகக் கேட்டேனா? பையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டிருந்தால் அதுகூட இதைவிட உழைத்திருக்கும். நீயோ அங்கே உட்கார்ந்து, பிரவுசரில் என் காதை அளந்த கோடுகளை ஏற்றி இறக்கி, “எல்லாம் சரியா இருக்கு மாமா” என்கிறாய்.

சரியாகத்தான் இருக்கும். அந்தக் கோடு என் காது இல்லை. உன் அத்தை சந்தனமேரியின் காது.

நீ அனுப்பிய சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்தேன். ‘சத்தம் கேட்டதும் அமுக்கவும்’ என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், ஒரு ஈ கூடப் பாடவில்லை. உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. “இங்குட்டு குடுங்க. செவிடுன்னு எழுதிப்புட்டாகன்னா உங்க அக்கா ஊரெல்லாம் தமுக்கடிச்சுருவாக. சத்தம் கேட்டா நான் உங்க முழங்கால்ல தட்டுறேன், நீக அமுக்குங்க” என்றாள். தட்டினாள், அமுக்கினேன். முடிந்ததும் பாராட்டுக்கூட வந்தது.

இதில் என் குற்றம் என்ன? நிரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து போட்டிருக்கிறோம் என்று பெருமை அடித்தாயே, காதுக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்க அதில் ஒரு வரி எழுதக் கூடாதா? என்னைப் போன்ற ஆளை நம்பிய முதல் யந்திரம் அதுதான். நம்பியதற்கு அனுபவிக்கட்டும்.

இன்னொன்று. உன் அத்தையின் தொண்டையில் கட்டி. இத்தனை வருஷம் கத்திக் கத்திப் பேசியதால் வந்தது என்கிறார் மதுரை டாக்டர். யாரிடம் அப்படிக் கத்தினீர்கள் என்று அவர் கேட்டாராம். அவள் சிரித்துக்கொண்டு, “எல்லாம் எங்க வீட்டுக் கோழிகள்ட்டதான்” என்றாளாம். வெளியே வந்து அதையும் கத்தித்தான் சொன்னாள். எங்களிடம் ஏது கோழி?

திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் காதோடு காதாகத்தான் பேச முடியுமாம். கல்யாணமான புதிதில் அப்படித்தான் பேசுவாள்.

ஆகையால் அந்தச் சோதனைப் பக்கத்தைத் திரும்பத் திற. அவளை உன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஹெட்போனை நானே மாட்டுகிறேன். கோடு பாதாளத்துக்குப் போனாலும் போகட்டும். செவிடு என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொள். உன் அம்மா தமுக்கடிக்கட்டும், குச்சியை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய் தாயீ.

கோபம் இம்மியும் குறையாத,
உன் மாமன்.