விழாதவர்களின் இல்லம்

கடற்காட்சி இல்லம்
ஞாயிறு, பூசை முடிந்த மதியம்

அன்பு மகள் மிரேய்க்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன், டொரோண்டோவில் நீயும் சுகமாக இருக்கக் கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதாவிடம் காலையில்தான் சொல்லிவிட்டு வந்தேன். சுகம் என்று நான் வாய்க்கு வந்ததை எழுதவில்லை, உன் கம்பெனி இந்த முதியோர் இல்லத்து வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கும் விழுந்தவர் கணக்குப் பலகை போன வாரம் வரைக்கும் பச்சை நிறத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வாரம் அது சிவப்பாகிவிட்டது. ஆக்கியவன் உன் அப்பன்தான் என்று உனக்குச் செய்தி வந்து, போனில் நீ அழுத அழுகையில் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதும் எனக்கு ஒரு வசதி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் ரெஜான் படகுக்குச் சாயம் பூசி முடித்துவிட்டான், கூண்டுகள் எல்லாம் துறையில் அடுக்கியாயிற்று, இந்த வருஷம் சிங்கி இறாலுக்கு நல்ல விலை வரும் என்கிறான், ஏப்ரலில் எப்போதும் இப்படிச் சொல்லுவான், மே மாதம் வாங்க வருகிறவனைத் திட்டுவான். அவன் பெண்டாட்டி போன ஞாயிறு கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஃப்ரிகோ சூப்பு வைத்துக் கொண்டுவந்தாள், இங்கே உப்பில்லாச் சாப்பாடுதானே, உப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதைச் சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடுகிறாய் என்று அவள் சொன்னாள், சாயங்காலம் வரை கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தே இருக்கிறாயாம். அது ஆகாது அம்மா. நான் எழுந்தால் அலறுகிற மாதிரி என் நாற்காலியில் ஒரு கருவி வைத்திருக்கிறீர்களே, அதே கருவியை உன் நாற்காலியில் நீ எழாமல் இருந்தால் அலறுகிற மாதிரி வைத்துக்கொண்டால் உனக்கு நல்லது.

கருவி என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். இலையுதிர் காலத்தில் உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து, அதாவது உன் மேஜையிலிருந்து, ‘ஒருவரும் விழாத இல்லம்’ என்று திட்டம் வந்ததே, அது வந்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், விழ யாருக்கு ஆசை. அப்புறம்தான் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. நிற்கிறவன்தானே விழுவான், ஆகவே யாரும் நிற்கவேண்டாம் என்று முடிவாயிற்று. காலையில் நாற்காலியில் வைப்பார்கள், சாப்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள், திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிறுத்துவார்கள், கடற்காட்சி இல்லத்து ஜன்னலில் கார் நிறுத்துமிடம் நன்றாகத் தெரியும். விழக்கூடியவர் என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு மஞ்சள் காலுறை. இப்போது வராந்தாவில் எங்களை வரிசையாக உட்கார்த்தி வைத்தால் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கோழிக்குஞ்சுகள் மாதிரி இருக்கிறோம். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவன் நான், எவனும் கடலுக்குப் போகாவிட்டால் எவனும் மூழ்கமாட்டான் என்கிற இந்த யோசனை எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று சொல்வார்களே, அதைக் கொளுத்தியபிறகு விருதும் கொடுப்பார்கள் என்று இப்போதுதான் பார்க்கிறேன். விருது வந்த அன்று வெட்டிய கேக் நன்றாக இருந்தது, அதன்மேல் பச்சை நிறத்தில் பூஜ்யம் எழுதியிருந்தது.

எனக்கு மஞ்சள் காலுறை வந்த கதையை நீ கேட்கவேயில்லை. நடையை அளக்கிற பையன் ஒருவன் கடிகாரத்தோடு வந்தான், நல்ல பிள்ளை, எங்கோ உள்நாட்டுக்காரன். என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கால ரொம்ப அகட்டி வைக்கிறீங்க, உடம்பும் ரெண்டு பக்கமும் ஆடுது, ரொம்ப ஆபத்துய்யா” என்றான். தம்பி, ஆடுகிற படகில் நின்று கூண்டு இழுத்தவன் வேறு எப்படி நடப்பான், எங்கள் ஊரில் காலைச் சேர்த்து வைத்து நடக்கிறவனைத்தான் கரையிலேயே விட்டுவிட்டுப் போவோம் என்றேன். அவன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது, பெரிய ஆபத்து என்று குறித்துக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது என் கட்டிலுக்கு அடியிலிருந்த பழுப்பு ஷூவை எடுத்து உன் பையில் வைத்துக்கொண்டாய், “இது வழுக்கும்ப்பா, இனிமே உங்களுக்கு எதுக்கு” என்றாய். அந்த ‘இனிமே’ எனக்கு வலித்தது மிரேய்.

ஆல்பெனியை உனக்குத் தெரியும், மீன் ஆலையில் வேலை செய்தவள், சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிறவள், சீட்டில் ஏமாற்றுகிறவள். இலையுதிர் காலத்தில் அவள் தானே நடந்துவந்து மேஜையில் உட்கார்ந்து சீட்டைக் கலைப்பாள். பனிக்காலம் முழுக்க நாற்காலியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், ஒரு தடவைகூட விழவில்லை, இப்போது அவளை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். கால்கள் இரண்டும் நடையை மறந்துபோய்விட்டன. “நான் விழவே இல்ல தெலெஸ்ஃபோர், என்னைய உக்கார வச்சே கவுத்துட்டாங்க” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பலகையில் ஆல்பெனி பச்சை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வியாபாரம் இது. உனக்கு நேராகவே சொல்கிறேன், விழுவதில் எனக்குப் பயம் இல்லை, ஆல்பெனி மாதிரி ஆகிவிடுவேனோ என்றுதான் பயம்.

பிப்ரவரியில், மெழுகுத்திரித் திருநாளுக்குத் தோசை மாதிரி மெலிசாக அப்பம் சுடுவோமே, அந்த வாரம், ஒடெத் எங்கள் பகுதிக்குத் தலைமை நர்ஸாக வந்தாள். அஷேவின் மகள் ஒடெத், அவள் அப்பன் தன் படகை என் படகுக்குப் பக்கத்தில்தான் கட்டுவான், வாய் அவனைப்போலவே. சூயிங்கம் மென்றுகொண்டே அதட்டுவாள், டாக்டரையும் அதட்டுவாள். வந்தவள் முதலில் ஒரு காரியம் செய்தாள், திட்டத்துக்கு முந்தைய நாட்களில் விழுந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், “எங்க போறதுக்கு எந்திரிச்சீங்க?” என்று கேட்டாள். திட்டம் வந்த நாளிலிருந்து யாரும் எங்களை அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பதில் ஒன்றுதான், கழிப்பறைக்கு. மத்தியானம் சூப்பு, அதன்மேல் தேநீர், அதன்மேல் நீர் பிரிகிற மாத்திரை, மூன்று மணிக்கு மனிதன் என்ன செய்வான். மூன்று மணிக்கு வேலை மாறுகிற நேரம், வருகிறவர்களும் போகிறவர்களும் மொத்தமாகப் பலகை முன்னால் நிற்பார்கள், திட்டம் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற விழுதல் தடுப்புக் கூட்டம். நாங்கள் விழுந்ததெல்லாம் அந்தக் கூட்டம் நடக்கிற நேரத்தில்தான் அம்மா. மணி அடித்தால் வர ஆள் கிடையாது, எல்லோரும் எங்களை எப்படி விழாமல் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒடெத் கூட்டத்தை உடைத்தாள். பாதிப் பேர் பலகைக்குப் போகட்டும், பாதிப் பேர் வராந்தாவுக்கு வாங்க, ஆளுக்கு ஒரு பெரியவரைக் கைபிடிச்சுக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போங்க, பேச வேண்டியத நடந்துக்கிட்டே பேசுங்க என்றாள். அப்படியே நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். முதல் வாரம் எனக்கு முழங்கால் தந்தியடித்தது. தவக்காலம் பாதி கழிவதற்குள் சாப்பாட்டு மேஜை வரைக்கும் என் சொந்தக் காலில் போனேன், சூப்பு அதே சூப்புதான், நடந்து போய்க் குடித்ததில் ருசியாக இருந்தது. ஆல்பெனி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை வந்தாள். இத்தனைக்கும் ஒருவரும் விழவில்லை, பலகை பச்சையாகவே இருந்தது, அதைப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

அதுதான் குற்றமாகிவிட்டது. உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், பெயரை எழுதவில்லை, உன் கீழே வேலை செய்கிற பிள்ளை. மூன்று மணிக்குப் பலகை முன்னால் பாதிப் பேர்தான் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். “முழு டீமும் நிக்கிற மாதிரி போட்டோ வேணும், அது இல்லாம எப்படி மேல அனுப்புறது” என்றாள். போட்டோ எடுத்துவிடுவோம், இன்று ஒருநாள் தலையெழுத்து என்று இல்லத்து மேலாளரும் சொல்ல, ஒடெத், “அப்ப பெரியவங்கள யாரு பாத்துக்குவா?” என்று கேட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டார்கள், சமையற்காரி உட்பட. எனக்கோ அவசரம். மணியை அமுக்கினேன், காத்திருந்தேன், நாற்காலி அலற அலற எழுந்தேன், அந்த அலறலைவிட அங்கே கைதட்டல் பலமாக இருந்தது. கழிப்பறை வாசலில் அந்த மஞ்சள் காலுறை முறுக்கிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும், நான் வெறும் மீன்காரன். இடுப்பில் கன்றிப்போய் ஒரு நீலம், வேறொன்றும் இல்லை, படகில் இதைவிட மோசமாக விழுந்து எழுந்து இறால் பிடித்திருக்கிறேன். போட்டோவில் எல்லோரும் நன்றாகச் சிரித்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

விழுந்ததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் ‘நடந்ததால்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. வராந்தா நடை நிறுத்தம், எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பவேண்டும், முறையை மீறிய தலைமை நர்ஸ் விளக்கம் சொல்லவேண்டும். கீழே கையெழுத்து உன்னுடையது. ஒடெத் அதை எனக்குக் காட்டமாட்டேன் என்றாள், நான்தான் பிடுங்கிப் படித்தேன். அவள் உன்னைத் திட்டவில்லை. “அவங்க அப்பா விழுந்தா எந்தப் பொண்ணுக்குத்தான் நிதானம் இருக்கும் மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை, உன் பாசம்தான் அந்த உத்தரவை எழுதியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் என்னை மட்டும் கட்டிப்போடவில்லை, பதினைந்து கிழவர்களைச் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. நேற்று எழுந்து பார்த்தேன், நாற்காலி அலறியது, கால் பழையபடி நடுங்குகிறது. இன்னும் சில வாரம் போனால் நீ நடக்கச் சொன்னாலும் என்னால் ஆகாது. இந்த இல்லத்தில்தான் நீ படிக்கிற காலத்தில் கோடை விடுமுறைக்கு வேலை செய்தாய், கிழவர்களை ஆளுக்கொரு பக்கமாகக் கைகோத்துக்கொண்டு வராந்தாவில் கூட்டிப்போவாய், நீயும் அவர்களோடு சேர்ந்து பாடுவாய், உன் அம்மா வெட்கப்படுவாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது இந்தத் தலைவிக்குத் தெரியாமலா போகும். மாடி ஏற ஏறக் கீழே இருக்கிறவர்களின் தலைதான் தெரியும், கால் தெரியாது.

ஒடெத்தை விசாரிக்க நீயே நேரில் வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். வா. அவளைக் குற்றவாளி மாதிரி உட்காரவைக்காதே, என்ன பார்த்தாய் என்று கேள், பொறுமையாகக் கேள், இடையில் போனை எடுக்காதே. அந்தப் போட்டோவையும் கொண்டுவந்து மேஜையில் வை, அது எடுக்கப்பட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று நானே காட்டுகிறேன். விசாரணை மூன்று மணிக்கு வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று. நீ வந்ததும் வராந்தாவின் வாசல் பக்கத்தில் நில். நான் என் அறையிலிருந்து நடந்து வருவேன், காலை அகட்டித்தான் வருவேன், இரண்டு பக்கமும் ஆடும், நீ ஓடிவந்து பிடிக்கக்கூடாது. நீ முதல் முதலாக நடந்தது என் படகின் தளத்தில், உன் அம்மா குழந்தையைக் கயிற்றில் கட்டுங்கள் என்று கரையிலிருந்து கத்தினாள், நான் கட்டவில்லை, கையை நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். நீயும் அப்படி நின்றால் போதும். வழியில் விழுந்துவிட்டால் மறைக்கவேண்டாம், பலகை சிவப்பாகவே இருக்கட்டும், காரணம் என்கிற கட்டத்தில் மட்டும் ‘மகளைப் பார்க்க நடந்து வந்தார்’ என்று உன் கையால் எழுதிவிடு.

மாதா உன்னை எந்தக் காற்றிலும் கவிழாமல் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மதியத்தில் ஒரு நடை வெளியே போய் வா. என் பழுப்பு ஷூவை மறக்காமல் எடுத்து வா, மெருகு போட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன்.

உன் அப்பா,
தெலெஸ்ஃபோர்