நீ திருப்பிக் கொடுத்த குரல்

ஆத்தூர் தாண்டியதும் புன்னக்காயல் பேருந்தின் சன்னல் வழியே கருவாட்டு வாசம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் நீ; மடியில் டேப் ரெக்கார்டர், காற்றில் அலையும் முந்தானை. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது என்பது கண்ணைத் திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவிகள். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் மனைவிமாரைப் பற்றியது உன் ஆய்வு. துணைக்கு நானும் புன்னக்காயலுக்கு வருவேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மினுங்கிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்தபடியே, அப்படிக் கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அக்கா வெயில் சாயும்வரை பேசினாள். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னாள். உன் ஆய்வின் உயிரே அந்தப் பேச்சுதான் என்று நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது அக்கா பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தாள்.

"அன்னைக்கு மனசு கேக்காமச் சொல்லிட்டேன் தாயி. எம்மவளுக்கு மாப்பிள்ள பாக்காவ. அது வெளிய வரண்டாம்."

நீ யோசிக்கவே இல்லை. பையிலிருந்த கேசட்டை எடுத்து அவள் கையில் வைத்தாய். "இது ஒங்க பேச்சுக்கா. வேற காப்பி எடுக்கல."

திரும்பும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? எவ்வளவு நாள் அலைஞ்சோம்!"

உன் நெறியாளருக்கும் கோபம். "பேரை மாத்திப் போட்டா யாருக்கும்மா தெரியப்போகுது?"

"அவங்களுக்குத் தெரியும் சார்" என்றாய்.

அந்த இயல் போயிற்று. பட்டம் தள்ளிப்போனது, உனக்கென்று சொல்லிவைத்திருந்த கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதாய். "செஞ்சது தப்பில்லட்டி. ஆனா வலிக்கி."

பிறகு முதலிலிருந்து தொடங்கினாய். அப்போது அந்த அக்காவே உன்னை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். "இந்தப் பிள்ளைட்ட பேசலாம். வேண்டாம்னா விட்டுரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். கதவுகள் திறந்தன. தாமதமாக வந்தாலும், தலைநிமிர்ந்து வாங்கிய பட்டம் உன்னுடையது.

அக்கா அன்று சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. நானும் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன். எழுதினால் நல்ல கதையாகும் என்று கை துறுதுறுத்த நாட்கள் உண்டு. நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்த இந்த மடலிலும் அதை எழுதவில்லை. நீ போன பிறகு அதைச் சுமப்பது அக்காவும் நானும் மட்டும்தான்.

கனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.