பேர் சொல்ல ஒரு ஈ

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. ஆராதனை முடிந்து நேரே சயனைட் மேட்டுக்கு, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் மேடு. முதல்முறையாகத் தனியாக. வலை, சீசாக்கள், தண்ணீர் பாட்டில், குடை. குடையைத் திறக்கவே முடியவில்லை.

மேட்டின் அடியில் கசிந்து நிற்கும் குட்டை. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. புல் கிடையாது, தவளை கிடையாது. அந்தத் தண்ணீரில் போய்க் குடித்தனம் நடத்துகிறது எங்கள் ஈ. எள்ளைவிடச் சற்றுப் பெரியது. தண்ணீர் மேல் தரையில் நடப்பதுபோல் நடக்கும். முகம் மட்டும் வெள்ளி பூசினதுபோல் மின்னும். என்னிடம் உள்ள புத்தகங்களில் எந்தக் கரையோர ஈக்கும் இந்த முகம் இல்லை.

கிடைத்தது: பெண் 4. ஆண் 0.

வலை வீச எனக்கு வராது. இதுவரை வீசியது சாம்சன்தான். நான் சீசாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான். பட்டம் வாங்கியது நான், பூச்சி பிடித்தது என் புருஷன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி. "ஆம்பள கெடச்சானா?" இல்லை என்றேன். "ஞாயித்துக்கெழம. லீவு போட்டிருப்பான்," என்றார். சிரித்ததில் இருமல். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்து, முதுகைத் தடவி, அது அடங்க வெகு நேரமாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரி. மண்புழுப் பாடம். பாதி வகுப்பு தூக்கம். பங்காரப்பேட்டையிலிருந்து திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம்.

வாங்க: கிளிசரின், பஞ்சு, சீரகம், அவருக்கு ஸ்ட்ரா.

வீட்டில் சரோஜாக்கா. பக்கத்து வீடு. நான் கல்லூரி போகும் நாளெல்லாம் சாம்சனுக்குக் காவல் அவர்தான். சாம்சன் அவரிடம் மறுபடியும் ஈ கதை. புது இனத்துக்குப் பெயர் வைப்பவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. வேறு யார் பெயரையும் வைக்கலாம். என் பொண்டாட்டி ஸ்டெல்லா என் பெயரை வைக்கப்போகிறாள் என்றார். லத்தீன் வழக்கப்படி கடைசியில் ஒரு ஈகாரம் சேர்க்க வேண்டும். சாம்சனீ. "வெள்ளக்காரன் ரூல்தான். ஆனா தமிழ்ல சரியா வந்து குந்துது பாருக்கா."

மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்தது: "பேரு சொல்ல ஒரு புள்ள இல்லன்னு எங்கம்மா கடைசி வரிக்கும் அழுதுச்சு. இப்ப பாரு. ஆயிரம் ஈ கீது."

சிரிக்கலாமா கூடாதா என்று சரோஜாக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சீரகத்தை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிள்ளைப் பேச்சை அவராக எடுத்ததில்லை. யார் எடுத்தாலும் சண்டைக்குப் போவார். இப்போது அவரே எடுக்கிறார், ஈ வந்த தைரியத்தில்.

ஜூலை 10, வியாழன்

பெங்களூர் மேடத்திடமிருந்து மெயில். ஈக்களிலேயே ஊறியவர். நான் அனுப்பிய படங்களைப் பார்த்து, இது புதிதாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் இத்தனை திருவிழா.

இன்று எழுதியிருப்பது: வெள்ளி முகம் மட்டும் போதாது. ஆண் ஈயின் வயிற்று நுனியைக் கழற்றி, உள்ளே உள்ள உறுப்பின் வடிவத்தைப் பார்த்தால்தான் உறுதி. ஒரே ஓர் ஆண்தான் இருக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம்.

ஒரே ஓர் ஆண்தான் இருக்கிறது. போன ஆடிக் காற்றில், மூச்சு வாங்க வாங்க, மேட்டோரம் ஓடி அவர் பிடித்தது. அதற்கப்புறம் அவரால் மேட்டுக்கு வர முடியவில்லை. வேறு ஆண் கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால் அதைத் தொட எனக்கு மனசில்லை.

அவரிடம் சொன்னேன். "ஒடச்சிடு," என்றார். "இன்னாத்துக்கு வச்சிப் பாத்துனு இருக்கிற? எனக்குப் பேரு வேணும்." குழாயைச் சரிசெய்துகொண்டு, "சீக்கிரம்," என்றார்.

டாக்டர் போன தடவை மாதக் கணக்கில் பேசவில்லை. வாரக் கணக்கில் பேசினார். சாம்சனுக்கும் அது தெரியும்.

ஜூலை 12, சனி

காலையில் கரண்ட் போயிற்று. ஆக்சிஜன் மெஷின் நின்றது. குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன். கரண்ட் வந்தபின் டீ, மாத்திரை, கஞ்சி. பிறகு ஈ, அந்த ஒரே ஆண்.

ஈரப் பஞ்சு போட்ட டப்பாவில் நேற்றே வைத்திருந்தேன், இளகியிருந்தது. இறக்கை உடம்போடு ஒட்டியிருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெதுவாக ஒரு தடவு. லென்ஸில் பார்த்தால் முகம் கறுப்பு. வெள்ளியைக் காணோம்.

பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் குடும்பத்து ஈக்களின் மேல்பூச்சு நனைந்தால் மறையும், காய்ந்தால் திரும்பி வரும். படித்திருக்கிறேன். காயட்டும். வயிற்று நுனியில் இன்று கை வைக்கப்போவதில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சாம்பலாக ஏதோ படிந்திருக்கிறது. கொட்டாமல் மூடிவைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர் ஜெபத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் சகோதரன் சாம்சனின் பெயரைத் தாங்கப்போகிற அந்தச் சிறிய ஜீவனுக்காகவும் ஸ்தோத்திரம் என்றார். சபை முழுக்க ஆமென். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஈ காய்ந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் யாரிடமும் நின்று பேசவில்லை. வந்து பார்த்தேன். இன்னும் கறுப்பு. காற்றில் ஈரம் இருக்கிறது. நாளைக்குள் காயும்.

ஜூலை 14, திங்கள்

காய்ந்துவிட்டது. கறுப்புதான்.

லீவு சொல்லிவிட்டேன். பெண் ஈக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டேன், இந்த மாதம் பிடித்தது, போன வருஷம் பிடித்தது எல்லாம். எல்லாம் கறுப்பு. கிண்ணத்தின் அடியில் அதே சாம்பல் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். லென்ஸ் தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த பொடி. கொடியில் காயும் புடவையில், சோற்றில், பைபிள் அட்டையில், ஆடி மாதம் முழுக்கப் பல்லிடுக்கில். மேட்டுத் தூசு.

வெளியூர்க்காரி எவளாவது இந்த ஈயைப் பிடித்திருந்தால் முதல் வேலையாக ஊதிப் பார்த்திருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. கே.ஜி.எஃப்.பில் வளர்ந்தவர்களுக்குத் தூசு தூசாகத் தெரியாது, பொருளின் நிறமாகத்தான் தெரியும். போதாததற்கு, காற்றடிக்கிற மாதமாகப் பார்த்து, தூசு வந்து விழுகிற பக்கமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறோம். நான் பிள்ளைகளுக்கு விலங்கியல் கற்றுக்கொடுக்கிறவள்.

நப்பாசை விடவில்லை. வயிற்று நுனியைக் கழற்றிக் காஸ்டிக் கரைசலில் சூடாக்கி, கிளிசரினில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்துப் படத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. உப்பளங்களில் சாதாரணமாக இருக்கும் ஈ. எந்தக் காலத்திலோ யாரோ பெயர் வைத்தாயிற்று.

மேடத்துக்கு நாலு வரி மெயில்.

சமையலறையில் நின்று அழுதேன். குக்கர் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 16, புதன்

சொல்லவில்லை.

மேடம் பதில் அன்பாகத்தான். எல்லோருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும் என்கிறார். இப்படிப்பட்ட தண்ணீரில் அந்த ஈ வாழ்வதே எழுதத்தக்கது, சிறு குறிப்பாக எழுதுங்கள் என்கிறார். எழுதலாம். அதில் பெயர் வைக்க இடமில்லை.

கஞ்சி இரண்டு வாய். மூன்றாவது வேண்டாம் என்று தலையசைத்தார். ஈயின் பெயரை முழுசாகச் சொல்லு என்றார். சொன்னேன், பேரினப் பெயர், சாம்சனீ எல்லாம் சேர்த்து. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு வாட்டி." இன்னொரு முறை சொன்னேன். நாக்கு கூசியது.

சொல்லாமலே விட்டால் என்ன? சந்தோஷமாகப் போகட்டும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் வாங்கிப் படித்தவர் அவர். மறைக்கவில்லை. அன்றைக்கே எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில், நான் ரயிலை விட்டு இறங்கினதும் சொன்னார். "ஸ்டெல்லா, நல்ல சேதி இல்ல," என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் நான் மட்டும் ஈயைக் காட்டி ஏமாற்றுவதா?

ஜூலை 18, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. சரோஜாக்கா கொண்டுவந்த ரசம் கொஞ்சம் இறங்கியது. கால் வீங்கியிருக்கிறது. நகம் நீலம்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கழுவினது, காய்ந்தது, பொடி, படம், பழைய பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"அப்ப அது நம்ம தூசா?"

"ஆமாங்க."

"மூஞ்சி பூரா?"

"மூஞ்சி பூரா."

சிரிக்கப் பார்த்தார். "அதுக்கு வெளிய. எனக்கு உள்ள," என்றார். மூடுகிற காலத்தில் மைனில் சேர்ந்த கடைசி ஆட்களில் ஒருவர். அங்கே போனதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை, ஏதோ இரண்டு சீசாவை ஒப்பிட்டுப் பார்க்கிற குரலில்தான் சொன்னார்.

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. "ஒரு பேருதானே கேட்டேன்," என்றார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடம் என்று தெரியவில்லை.

நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அந்தக் கட்டிலில் இரண்டு பேருக்கு இடமில்லை. இருந்தாலும் படுத்தேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போது பட்டது. இப்போதும் படுகிறது.

இருட்டினபின் அவராகவே பேசினார். "ஊருக்குச் சொல்லாத. பாஸ்டரு ஜெபத்துல வேற சொல்லிட்டாரு. பாவம், அவரு மானம் போயிடும்." என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும் வுடு."

ஜூலை 21, திங்கள்

தூங்கிக்கொண்டே இருக்கிறார். ஒருமுறை விழித்து, குட்டையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஜூலை 23, புதன்

விடியும்போது சாம்சன் போய்விட்டார். மெஷினை நான்தான் நிறுத்தினேன்.

ஜூலை 25, வெள்ளி

நேற்று அடக்கம். மழை தூறிக்கொண்டே இருந்தது. பாஸ்டர் பிரசங்கத்தில் ஈயைச் சொன்னார். பிள்ளைச் செல்வம் இல்லாத இந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் வேறு விதமாகப் பெயரைக் கட்டளையிட்டார் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

பூதிகோட்டையிலிருந்து வந்த அவர் அண்ணன், கல்லறைக் கல்லில் ஓர் ஈயைச் செதுக்கலாமா என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். சாம்சன் இருந்திருந்தால் செதுக்கச் சொல்லியிருப்பார், என்னைச் சீண்டுவதற்காகவாவது.

யார் யாரோ கொண்டுவந்த பாத்திரங்கள். எது யாருடையது என்று தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஈக்களை ஊசியில் ஏற்றி முடித்தேன். பழைய பெயரைத்தான் எழுதினேன். இடம், தேதி, பிடித்தவர். போன வருஷத்து ஈக்களில் பிடித்தவர் என்ற இடத்தில் சாம்சன். இந்த மாதத்து நான்கில் என் பெயர். அந்த நான்கையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மெஷினைத் திருப்பி எடுத்துப் போக ஆள் வந்தான். அது நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் சுத்தமாக ஒரு சதுரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடியும் காற்று. ஆராதனைக்குப் போகவில்லை. ஜன்னலை மூட மறந்து மேஜையெல்லாம் தூசு. அவர் படத்தின் மேலும். மற்றதையெல்லாம் துடைத்தேன்.

சரோஜாக்கா இட்லி கொண்டுவந்தார். சாப்பிடும்வரை போக மாட்டேன் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். சட்னிக் கிண்ணத்தின் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. துண்டை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது.

"ஸ்டெல்லா, இது தம்பி பேரு ஈ இல்லியே?"

சாதாரண வீட்டு ஈ. என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றார் அவர். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அதுதான்க்கா," என்றேன்.

சரோஜாக்கா துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "குந்தட்டும்," என்றார்.